அறுவர் கொண்ட அணி



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என நம் தோல் தொழில் ஊர்களில் எந்த வீட்டிற்கு மஃரிபுக்குப் பின் சென்றாலும் ஒரு காட்சியைக் காணலாம். பள்ளியிலிருந்தும் மக்தபிலிருந்தும் திரும்பிய பிள்ளை ஒரு மூலையில் அமர்ந்து, கையிலுள்ள சிறு திரையை உற்று நோக்கியவாறு, "தண்ணீருக்கு மின்சாரம் ஆகாது, மின்சாரத்திற்கு மண் ஆகாது, மண்ணுக்குத் தண்ணீர் ஆகாது" என்று தனக்குத்தானே பேசிக் கொண்டிருப்பான். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கும் தாய் திகைக்கிறார். வேலை முடிந்து வரும் தந்தை கருவியைப் பிடுங்கி அலமாரியின் மேல் வைக்கிறார். அத்துடன் பேச்சு முடிந்து விடுகிறது. மறுநாள் முதல் பிள்ளை மாடியிலோ நண்பன் வீட்டிலோ ஒளிந்து ஆடத் தொடங்குகிறான்.

"இது என்ன விளையாட்டு? இதனைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?" என்று மதரஸாவிற்கு வந்து கேட்கும் பெற்றோர் பலர். ஒன்றைக் கொடுக்கலாமா கூடாதா என முடிவு செய்வதற்கு முன் அது இன்னதென அறிந்து கொள்வது முறையன்றோ? எனவே இம்மாதம் அதனைப் பற்றியே உங்களோடு பேச விழைகிறேன். அதில் பெரியவர்களாகிய நமக்கும் ஒரு பாடம் அடங்கியிருக்கிறது.

பெயரும் பிறப்பும்

இவ்விளையாட்டின் பெயர் போக்கிமோன். 'பாக்கெட் மான்ஸ்டர்ஸ்', அதாவது சட்டைப்பையில் அடங்கும் விந்தை விலங்குகள் என்னும் பெயரின் சுருக்கம் இது. 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில், நிண்டெண்டோ நிறுவனத்தின் 'கேம் பாய்' என்னும் கையடக்கக் கருவிக்காக வெளிவந்தது. இதனை உருவாக்கிய சதோஷி தஜிரி, சிறு வயதில் வயல்களிலும் குளக்கரைகளிலும் பூச்சிகளைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பதில் பேரார்வம் கொண்டிருந்தவர். நகரம் பெருகி அந்த வயல்கள் மறைந்த பின்னர் பிறக்கும் சிறுவர்களுக்கும் அவ்வின்பம் கிட்ட வேண்டும் என்னும் எண்ணமே இந்த ஆட்டத்திற்கு வித்தாயிற்று. தொடக்கத்தில் 151 விலங்குகள் இருந்தன. இன்று அவற்றின் எண்ணிக்கை ஆயிரத்தைக் கடந்து விட்டது.

விலங்குகளைப் பிடித்துச் சேர்ப்பது சிறுவர் ஆட்டம். அவற்றைக் கொண்டு அணி அமைத்து மற்றொருவரோடு மோதுவது போட்டி ஆட்டம். இதற்கென 2009 முதல் உலகப் போட்டி நடைபெற்று வருகிறது. கொரோனாப் பெருந்தொற்றினால் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் நடைபெறவில்லை.

போட்டியின் விதிகள் எளியவை. ஆட்டக்காரர் ஆறு விலங்குகளைக் கொண்ட அணியொன்றை முன்கூட்டியே அமைத்துக் கொண்டு வர வேண்டும். ஒரே வகை விலங்கு இரண்டு இருத்தலாகாது. ஒவ்வொன்றும் ஒரு துணைப்பொருளை வைத்துக் கொள்ளலாம். ஆனால் ஒரே பொருள் இருவரிடம் இருத்தலாகாது. ஒவ்வொன்றுக்கும் நான்கு செயல்கள் மட்டுமே உண்டு. எதிராளியின் அறுவரையும் பார்த்த பின், தம் அறுவரில் நால்வரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். களத்தில் இருபுறமும் இருவர் இருவராக நிற்பர். இரு ஆட்டக்காரரும் தத்தம் முடிவை ஒரே நேரத்தில், மற்றவர் முடிவை அறியாமலே செய்ய வேண்டும்.

சதுரங்கத்தில் இருவருக்கும் ஒரே காய்கள். ஆட்டம் பலகையில்தான் தொடங்குகிறது. இங்கோ எந்தக் காய்கள் வேண்டும் என்பதை ஆட்டக்காரரே முடிவு செய்கிறார். ஆகவே, அணியை அமைக்கும் பொழுதே பாதி ஆட்டம் நடந்து முடிந்து விடுகிறது.

ஆகும், ஆகாது

நம் பிள்ளை வாய்க்குள் முணுமுணுத்தானே, அதுவே இவ்வாட்டத்தின் அரிச்சுவடி. நெருப்பு, நீர், புல், மின்சாரம், மண், பனி எனப் பதினெட்டு இனங்கள் உள்ளன. ஒவ்வொரு விலங்கும் ஓரினத்தையோ இரண்டு இனங்களையோ சேர்ந்தது. ஆகாத இனத்தின் அடி இரு மடங்காக விழும். தாங்கக்கூடிய இனத்தின் அடி பாதியாகக் குறையும். சில அடிகள் சிலருக்குப் படுவதே இல்லை. ஒரு விலங்கின் இரண்டு இனங்களுக்குமே ஆகாத அடியென்றால் நான்கு மடங்கு!

எடுத்துக்காட்டாக, கியாரடோஸ் என்றொரு விலங்கு உண்டு. 6.5 மீட்டர் நீளமும் 235 கிலோ எடையும் கொண்ட கடற்பாம்பு போன்றது. அது நீர் இனமும் பறக்கும் இனமும் ஆகும். இவ்விரண்டிற்கும் மின்சாரம் ஆகாது. எனவே ஒரு மின்சார அடியிலேயே அது சாய்ந்து விடக்கூடும். கார்ச்சோம்ப் என்பது மண்ணும் டிராகனும் கலந்தது; அதற்குப் பனி நான்கு மடங்கு பகை. எத்துணைப் பெரிய வீரனாயினும் அவனுக்கென ஒரு பலவீனம் விதிக்கப்பட்டுள்ளது.

புதிதாக ஆட வரும் சிறுவர்கள் எல்லோரும் செய்யும் பிழை இங்கேதான் தொடங்குகிறது. ஆயிரத்திற்கும் மேற்பட்டவற்றுள் அதிக வலிமையுள்ள ஆறினைத் தேர்ந்தெடுத்து, 'என்னை யார் வெல்ல முடியும்?' என்று களமிறங்குகிறார்கள். அந்த அறுவரில் மூவருக்குப் பனி ஆகாது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. எதிராளியிடம் பனி அடி கொடுக்கும் சாதாரண விலங்கு ஒன்று இருந்தால் போதும், மூன்று பெரும் வீரர்களும் ஒருவர் பின் ஒருவராக வீழ்ந்து விடுகிறார்கள். அறுவரும் வலியவராக இருந்தும் அணி வலிமையற்றதாக இருந்தது.

ஆவாரமும் கடுக்காயும்

தோல் ஊரில் பிறந்த நமக்கு இது புதிய செய்தியன்று. குரோமியம் என்னும் இரசாயனம் வருவதற்கு முன் நம் முன்னோர் ஆவாரம் பட்டையைக் கொண்டே தோலைப் பதனிட்டனர். பட்டைச் சாற்றில் ஊறிய தோல் உறுதியும் வளமும் பெற்றது. ஆனால் அதற்கொரு குறை உண்டு. வெளிச்சம் பட்டால் அது சிவந்து விடும். எனவே இறுதியில் அதனைக் கடுக்காய் நீரில் இட்டு எடுத்தனர், நிறம் நின்றது. ஆவாரத்தின் வேலையைக் கடுக்காய் செய்யவில்லை. ஆவாரம் விட்ட குறையை அது நிறைத்தது. இரண்டும் சேர்ந்த பின்னரே அத்தோல் சென்னைத் துறைமுகம் வழியே கடல் கடந்து சென்றது.

போக்கிமோன் அணி அமைப்போரும் இதே முறையில்தான் சிந்திக்கின்றனர். 'யார் வலியவர்?' என்று அவர்கள் தொடங்குவதில்லை. 'இவனுக்கு எது ஆகாது, அதனை யார் தாங்குவார்?' என்று தொடங்குகின்றனர்.

சில இணைகளைப் பாருங்கள். 'நிலநடுக்கம்' என்னும் மண் அடி களத்திலுள்ள எல்லோர் மீதும் விழும். பக்கத்தில் நிற்கும் தன் தோழனையும் விடாது. எனவே அதனை வைத்திருப்பவனுக்கு அருகில் பறக்கும் இனத்தவன் ஒருவனை நிறுத்துவர். தரை நடுங்கினால் வானில் இருப்பவனுக்கு என்ன? எதிரிகள் இருவர் மட்டும் அடிபடுவர்.

பெலிப்பர் என்னும் கூழைக்கடா போன்ற பறவை களத்திற்கு வந்தவுடன் மழை பெய்யத் தொடங்கும். மழையில் நீர் அடியின் வலிமை ஒன்றரை மடங்காகிறது. நெருப்பின் வலிமை பாதியாகக் குறைகிறது. கிங்ட்ரா என்னும் கடற்குதிரை மழையில் இரு மடங்கு விரைவு பெறும் இயல்புடையது. பறவை பெரிதாக அடிக்க வேண்டியதில்லை. வந்து நின்றாலே அதன் தோழன் வேறொருவனாகி விடுகிறான். இத்தகைய அணியில் வெயிலை வரவழைக்கும் விலங்கைச் சிந்திக்காமல் சேர்த்து விட்டால், ஒருவன் கொணர்ந்த மழையை மற்றவனே நிறுத்தி விடுவான். இருவரும் தனித்தனியே நல்லவர்கள். ஒன்றாக நின்றால் ஒருவரை ஒருவர் கெடுப்பவர்கள்.

மந்தம் பலமான கதை

டோர்கோல் என்றோர் ஆமை உண்டு. ஆமை என்றதும் உங்களுக்கு விளங்கியிருக்கும்: மிகவும் மந்தமானது. அதன் விரைவு அளவு வெறும் 20. அதனிடம் எரிமலை போல் வெடிக்கும் ஒரு நெருப்பு அடி உண்டு. எதிரிகள் இருவரையும் ஒருங்கே தாக்கும் அந்த அடிக்கு ஒரு நிபந்தனை: உடலில் உயிர் நிறைந்திருக்கும் வரைதான் அது முழு வலிமையோடு விழும். அடிபட அடிபட வலிமையும் குறைந்து கொண்டே போகும். எல்லோரும் முந்திக் கொண்டு அடித்த பின் கடைசியில் வரும் ஆமைக்கு அந்த அடி இருந்தும் என்ன பயன்?

இங்கேதான் அணியின் அறிவு வெளிப்படுகிறது. ஐந்து சுற்றுகளுக்கு வரிசையைத் தலைகீழாக்கும் செயலொன்று இவ்வாட்டத்தில் உண்டு. அது நடைமுறையில் இருக்கும் பொழுது விரைவு குறைந்தவரே முதலில் செயல்படுவர். ஹாட்டரீன் போன்ற ஒரு துணை அதனைச் செய்து விட்டால், களத்திலேயே மந்தமான ஆமை எல்லோருக்கும் முன்னே எழுந்து தன் முழு வலிமையோடு வெடிக்கிறது. மேலும் ஆமை வந்து நின்றாலே வெயில் கொளுத்தும். நெருப்பின் வலிமை ஒன்றரை மடங்காகும். 2020ஆம் ஆண்டுப் போட்டிகளில் இவ்விணையைப் பலர் ஆடி வென்றனர். ஆமை மாறவில்லை; அதன் மந்தமும் மாறவில்லை. அந்த மந்தத்திற்கு இடம் கொடுக்கும் தோழன் ஒருவன் அருகில் வந்து நின்றான், அவ்வளவே.

3.9 கிலோ அணில்

இவ்விளையாட்டை ஆடுவோர் அனைவரும் அறிந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2014 ஆகஸ்டில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உலகப் போட்டி நடைபெற்றது. தென்கொரியாவின் செ ஜுன் பார்க் என்னும் இளைஞர் தம் அணியில் பச்சிரிசு என்னும் மின்சார அணிலைச் சேர்த்திருந்தார். உயரம் 40 சென்டிமீட்டர், எடை 3.9 கிலோ. ஒரு விலங்கின் ஆறு திறன்களையும் கூட்டினால் வரும் எண்ணைக் கொண்டு அதன் வலிமையை மதிப்பிடுவர். கார்ச்சோம்பிற்கு அது 600. இந்த அணிலுக்கு 405. போட்டி ஆடுவோர் எவரும் அதனை ஒரு பொருட்டாக எண்ணியதில்லை.

பார்க் அதனை ஏன் எடுத்தார்? அவருடைய அணியின் பெரும் வீரர்களுள் ஒருவன், நாம் முன்பு கண்ட கடற்பாம்பாகிய கியாரடோஸ். மின்சாரம் பட்டால் நான்கு மடங்கு அடி வாங்கும் அதே கியாரடோஸ்தான். அணிலிடம் இரண்டு குணங்கள் இருந்தன. ஒன்று, தோழனை நோக்கி வரும் அடியைத் தன்பால் இழுத்துக் கொள்ளும் செயல். மற்றொன்று, மின்சார அடி பட்டால் துன்புறுவதற்குப் பதிலாகத் தன் உயிரில் கால் பங்கை மீட்டுக் கொள்ளும் இயல்பு. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கியாரடோசை வீழ்த்த எதிரி விடுக்கும் மின்சாரம் அணிலிடம் செல்கிறது. அணிலுக்கு அதுவே மருந்தாகிறது. அச்சமின்றி நிற்கும் கியாரடோஸ் எதிரியைத் தாக்குகிறது.

பார்க் அந்த அணிலுக்கு அளித்த பயிற்சியும் கருதத் தக்கது. அன்றைய விதிப்படி ஒவ்வொரு விலங்குக்கும் 510 பயிற்சிப் புள்ளிகளைப் பகிர்ந்தளிக்கலாம். அணிலை அடிக்கும் வீரனாக்க அவர் முயலவில்லை. அப்புள்ளிகளைத் தாங்கும் ஆற்றலுக்கே அளித்தார். எதிரியின் உயிரைப் பாதியாகக் குறைக்கும் கடி ஒன்றையும் அதற்குக் கொடுத்திருந்தார்; அடிப்பவன் வலியவனா எளியவனா என்பது அந்தக் கடிக்கு ஒரு பொருட்டன்று. அணியின் மற்ற நால்வர் கார்ச்சோம்ப், டேலன்ஃபிளேம், கார்டிவாயர், கோதிடெல் என்பன. கார்ச்சோம்பின் நிலநடுக்கம் பறக்கும் இனத்தவராகிய கியாரடோசையும் டேலன்ஃபிளேமையும் தொடாது என்பதையும் கவனியுங்கள். இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவின் ஜூடி அஸரெல்லியை வென்று பார்க் உலக வாகையர் ஆனார்.

இந்நிகழ்ச்சியை, 'பாவம், எளியவருக்கும் இடம் கொடுத்தார்' என்று எவரேனும் இரக்கக் கதையாகச் சொன்னால், அது பொருத்தமன்று. பார்க் அணிலை இரக்கத்தினால் சேர்க்கவில்லை. அந்த அணிக்கு, அந்தக் கடற்பாம்பின் பக்கத்தில், அந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமானவர் இல்லை என்று கணக்கிட்டுச் சேர்த்தார். அணியை விட்டு விட்டு அணிலை மட்டும் எடுத்துக் கொள்பவருக்கு அது வெறும் அணில்தான்.

அணி அமைக்கும் முறை

உங்கள் பிள்ளை இவ்வாட்டத்தை ஆடுபவனாயின், அவன் மனத்தில் நடப்பது இதுதான். முதலில் இருவரைத் தேர்கிறான். ஒருவர் செய்யும் செயலால் மற்றவர் பயன்பெற வேண்டும். பிறகு அவ்விருவருக்கும் ஆகாதவை எவையெனப் பட்டியலிடுகிறான். அந்த அடிகளைத் தாங்கவும் அவற்றை விடுப்பவரை வீழ்த்தவும் வல்ல மேலும் இருவரைச் சேர்க்கிறான். நால்வரில் எத்தனை பேருக்கு ஒரே பலவீனம் இருக்கிறதென எண்ணிப் பார்க்கிறான். மூவர் எனில் ஒருவரை மாற்றுகிறான். அடுத்து, விரைவைப் பற்றிச் சிந்திக்கிறான்: எதிரி நம்மை முந்தினால் என்ன செய்வது? கடைசி இருவரை, முதல் நால்வருக்கு ஒவ்வாத எதிரணி எதிர்ப்பட்டால் பயன்படும்படி தேர்கிறான்.

இத்துடன் முடிவதில்லை. ஆடித் தோற்கிறான். தோல்விக்குக் காரணம் அணியா, தன் முடிவா என ஆராய்கிறான். ஆறாவது இடத்தில் இருப்பவனை நான்கு முறையேனும் மாற்றுகிறான். பரீட்சைத் தாளில் விடைகளைத் திருப்பிப் பார்க்காத பிள்ளை இங்கே தன் பிழையைத் தானே தேடித் திருத்துகிறான். கலைப் பட்டம் பெற்ற எனக்குக் கணக்கு நெருங்கிய உறவன்று. ஆயினும் இது கணக்கும் மனிதரை எடை போடும் அறிவும் கலந்ததொரு பயிற்சி என்பதை உணர முடிகிறது.

பெற்றோர் அஞ்சுவது

இனி உங்கள் அச்சங்களுக்கு வருவோம். அவை காரணமற்றவை அல்ல. 2001-இல் சவூதி அரேபியாவில் மார்க்க அறிஞர்கள் போக்கிமோன் ஆட்டத்தையும் சீட்டுகளையும் தடை செய்தனர். சூதாட்டத்தை ஒத்திருப்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. உள்ளே என்ன இருக்கிறதெனத் தெரியாத சீட்டுப் பொதிகளைக் காசு கொடுத்து வாங்கி, அரிய சீட்டு கிடைக்குமா என ஏங்கும் பழக்கத்தை எண்ணினால் அக்கவலை நமக்கும் விளங்கும். இதன் மார்க்கத் தீர்ப்பு குறித்து ஐயமுள்ளோர் தம் பகுதி உலமாக்களைக் கேட்டுத் தெளிவு பெறுவதே முறை.

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு முற்றிலும் வேறு. நம் நாட்டில் எத்தனையோ குடும்பங்களைக் கடனில் ஆழ்த்திய அவ்வகை ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பணயமற்ற மின்னணுப் போட்டிகளை அச்சட்டம் தனியே பிரித்து ஏற்கிறது. போக்கிமோன் அணி ஆட்டத்தைக் காசு எதுவும் செலவிடாமல் கைப்பேசியிலேயே ஆட, 'போக்கிமோன் ஷோடவுன்' என்னும் வசதி உள்ளது. ஆகவே, பிள்ளை இதற்கெனப் பணம் கேட்டால் எதற்கென்று கட்டாயம் விசாரியுங்கள்.

மற்றொன்று நேரம். ஓர் ஆட்டம் பெரும்பாலும் கால் மணி நேரத்திற்குள் முடிந்து விடும். ஆனால் தோற்றவன் 'இன்னும் ஒன்றே ஒன்று' என்பான். ஆகவே மணி கணக்கைவிட ஆட்டக் கணக்கு நல்லது. 'இன்றைக்கு இரண்டு ஆட்டம். இஷாவுக்குப் பாங்கு சொல்லும் முன் கருவி அலமாரிக்குப் போக வேண்டும்' என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். ஆட்டத்தின் நடுவே பிடுங்காதீர்கள். தான் செய்த முடிவின் விளைவைக் காண விடாமல் பிடுங்கினால், அவன் கற்றுக் கொள்வது ஒளிந்து ஆடுவதை மட்டுமே.

நம் வீட்டு அணி

வாசகர்களே! மதரஸாவில் இத்தனை ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பார்த்து வருகிறேன். ஒரே வீட்டிலிருந்து வரும் சகோதரர்களில் ஒருவன் விரைவாக மனனம் செய்வான். மற்றவன் மெதுவாக வருவான். "அண்ணனைப் பார்" என்று பெற்றோர் அவன் காதுபடச் சொல்வார்கள். மெதுவாக வரும் அந்தப் பிள்ளைதான், வகுப்பில் புதிதாகச் சேர்ந்து அழும் சிறுவனை அருகில் அமர்த்திச் சமாதானம் செய்கிறான். வீட்டில் பாட்டியார் கூப்பிட்டால் முதலில் எழுந்து ஓடுகிறவனும் பெரும்பாலும் அவனே. ஆறு திறன்களின் கூட்டுத்தொகையைக் கொண்டு அவனை அளந்தால் குறைவாகத்தான் வரும். அந்த வீட்டின் மேல் விழும் எந்த அடியை அவன் தன்பால் இழுத்துக் கொள்ளப் போகிறான் என்பதைக் கூட்டுத்தொகை காட்டாது.

எனவே இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். கருவியைப் பிடுங்குவதற்கு முன் பிள்ளையின் அருகில் அமர்ந்து இரண்டு கேள்விகள் கேளுங்கள். "உன் அணியில் யாருக்கு எது ஆகாது? அதற்கு நீ யாரை வைத்திருக்கிறாய்?" அவன் முதலில் ஐயத்தோடு உங்களைப் பார்ப்பான். பிறகு பேசத் தொடங்குவான், நிறுத்தவே மாட்டான். முழுவதும் கேளுங்கள். விளங்காத இடத்தில் மறுபடியும் கேளுங்கள். தன் அறுவரில் ஒவ்வொருவரும் ஏன் அங்கே இருக்கிறார் என்று அவனால் விளக்க முடிந்தால், அவன் சிந்திக்கிறான் என்று பொருள். விளக்க முடியாமல் வெறுமனே விரலை ஓட்டிக் கொண்டிருந்தால், அப்பொழுது கருவியை வாங்கி வைப்பதில் தவறில்லை.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.